மதிலும் ஏணியும்: றிச்மண்ட் பூங்காவின் வரலாறு

வரலாறு என்றதும் முடிபுனைந்தோரையும் படைநடத்தினோரையும் நினைத்தல் நம்மவர் வழக்கம். அரண்மனைக்கும் கோட்டைக்கும் வரலாறு உண்டென ஒப்புவோர், ஒரு மரத்துக்கும் ஒரு மான்கூட்டத்துக்கும், ஊரவர் நடந்து நடந்து உண்டாக்கிய ஒற்றையடிப் பாதைக்கும் வரலாறு உண்டென்பதை எளிதில் ஒப்பார். எனினும், ஒரு நாட்டு மக்களின் உரிமையுணர்ச்சி எவ்வாறு வளர்ந்தது என்பதை அறிய, பாராளுமன்றப் பதிவேடுகளைப் போலவே அத்தகைய பாதையொன்றும் துணைசெய்தல் கூடும். இதற்குச் சிறந்ததோர் எடுத்துக்காட்டாக விளங்குவது இலண்டன் மாநகரின் தென்மேற்கே அமைந்துள்ள றிச்மண்ட் பூங்கா. அரசனொருவன் தன் வேட்டைக்கென மதில் எழுப்பி அடைத்த நிலம், மக்கள் யாவரும் உலவும் பொதுப்பூங்காவாக மாறிய வரலாற்றையும், அம்மாற்றத்தினூடே அங்குள்ள மரங்களும் விலங்குகளும் பிழைத்து நின்ற வகையையும் ஈண்டுச் சுருங்க நோக்குவாம்.

பூங்காவின் இயல்பு

பூங்கா என்ற சொல்லைக் கேட்டதும் வரிசையாக நட்ட பூஞ்செடிகளும், செதுக்கிய புற்றரையும், நீர் தெளிக்கும் தாரைகளும் நம் மனக்கண்முன் தோன்றும். றிச்மண்ட் பூங்கா அத்தகையதன்று. அது ஏறத்தாழ 2,360 ஏக்கர் பரப்புள்ளது. நியூயோர்க் நகரத்துப் புகழ்பெற்ற மத்திய பூங்கா 843 ஏக்கரே என்பதை ஒப்பிட்டு நோக்கின் இதன் பெருமை புலப்படும். மேடும் பள்ளமுமான புல்வெளிகள், பன்னூறாண்டு முதிர்ந்த ஓக் மரங்கள், பெரணிப் புதர்கள், நடுவே இரு குளங்கள், இவற்றிடையே கட்டின்றித் திரியும் அறுநூற்றுக்கு மேற்பட்ட மான்கள் என்பனவே இதன் உறுப்புக்கள். இலண்டன் அரச பூங்காக்கள் யாவற்றினும் பெரியது இதுவே.

பூங்காவின் மேற்கு ஓரத்திலே எட்டாம் ஹென்றியின் பெயரால் வழங்கும் மேடொன்று உளது. அதன்மீது நின்று நோக்குவோர், மரங்களிடையே காக்கப்பட்டுள்ள ஓர் இடைவெளியூடாகப் பத்து மைல் தொலைவிலுள்ள சென் போல் தேவாலயத்தின் குவிமாடத்தைக் காணலாம். தன் மனைவி ஆன் பொலின் 1536ஆம் ஆண்டு மே மாதம் 19ஆம் நாள் தலைவெட்டுண்ட செய்தியறிவிக்கும் அடையாளத்தை ஹென்றி இம்மேட்டில் நின்றே எதிர்பார்த்தான் எனக் கர்ணபரம்பரைக் கதையொன்று கூறும். அன்று அவன் அவ்விடத்தில் இருந்தானல்லன் என வரலாற்றாசிரியர் மறுப்பர். இடப்பெயர் கொண்டு வரலாறு சமைக்கப் புகுவோர் இதனை மனங்கொள்ளுதல் நன்று. பூங்காவின் மெய்வரலாறு ஹென்றிக்கு ஒரு நூற்றாண்டு பிற்பட்டே தொடங்குகின்றது.

அரசன் எழுப்பிய மதில்

கி. பி. 1625இல் இலண்டனில் கொள்ளைநோய் பரவியபோது முதலாம் சாள்ஸ் மன்னன் தன் அரசவையோடு றிச்மண்ட் அரண்மனைக்குப் பெயர்ந்தான். அயலிலுள்ள குன்றுப்பகுதி வேட்டைக்கு ஏற்றதெனக் கண்ட மன்னன், அதனை அடைத்து மான்கள் நிறைந்த பெருங்காடாக்க விரும்பினான். ஆனால், அந்நிலம் முழுவதும் அவனுக்கு உரியதன்று. மோட்லேக், பீற்றர்ஷாம், ஹாம் முதலிய ஊர்களின் பொதுநிலங்களும், குடியானவரின் வயல்களும், தனியார் தோட்டங்களும் அங்கு விரவிக் கிடந்தன. பொதுநிலம் ஏழையின் செல்வம். பசு மேய்ப்பதும் விறகு பொறுக்குவதும் அதிலேதான்.

மன்னன் விலை கொடுக்க முன்வந்தான். சிலர் உடன்பட்டனர், வேறு சிலர், தம் முன்னோர் நிலத்தை எவ்விலைக்கும் கொடோம் என மறுத்தனர். அவர்தம் உடன்பாடு கிடைக்குமுன்னரே மதிலுக்கான செங்கல் சுடப்படலாயிற்று. நிதிப்பொறுப்பிலிருந்தோரும் பேராயர் லோட் போன்றோரும் இம்முயற்சி வீண்செலவையும் மக்களின் வெறுப்பையுமே விளைக்குமெனத் தடுத்தும் மன்னன் கேட்டிலன் எனக் கிளறன்டன் பிரபு தம் வரலாற்று நூலிற் குறித்துள்ளார். 1637இல் ஏறத்தாழ எட்டு மைல் நீளமான மதில் எழுந்தது. ஈராயிரம் வரையான மான்கள் உள்ளே விடப்பட்டன.

அக்காலத்தை மாணவர்கள் நினைவுகூர்தல் வேண்டும். பாராளுமன்றத்தைக் கூட்டாமலே சாள்ஸ் ஆட்சி நடாத்திய பதினோராண்டு காலத்தின் பிற்பகுதி அது. கப்பல்வரி செலுத்த மறுத்த ஜோன் ஹம்டன் மீதான வழக்கு விசாரிக்கப்பட்டதும் அதே 1637இல்தான். ஒருபுறம் மக்களின் பணத்தின்மீதும் மறுபுறம் மக்களின் நிலத்தின்மீதும் மன்னன் கைவைத்தான். இரண்டும் ஒரே மனப்பான்மையின் விளைவுகளாம்.

ஆயினும், மன்னன் ஒன்று செய்தான். எதிர்ப்பைத் தணிக்கும் பொருட்டு, ஊரவர் பழம்பாதைகளிற் கால்நடையாகச் செல்லும் வழியுரிமையையும் ஏழைகள் விறகு பொறுக்கும் உரிமையையும் விட்டுவைத்தான். மதிலைக் கடந்து செல்ல ஏணிகள் சார்த்தப்பட்டன. மதில் எழுந்தபோதே ஏணியும் எழுந்தது. பின்வந்த நிகழ்ச்சிகளுக்கெல்லாம் வித்து இதுவே.

1649ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 30ஆம் நாள் சாள்ஸ் தலையிழந்தான். அவ்வாண்டே பாராளுமன்றம் பூங்காவை இலண்டன் மாநகர ஆட்சிக்கு வழங்கிற்று. அரச வேட்டைக்காடுகள் பல துண்டாடி விற்கப்பட்ட அந்நாளில், மாநகரத்தார் இதனை அழியாது காத்து, 1660இல் முடியாட்சி மீண்டதும் இரண்டாம் சாள்ஸிடம் திருப்பிக் கையளித்தனர். இன்று நாம் காணும் முதிய மரங்கள் கோடரிக்குத் தப்பியதில் இவர்களுக்கும் பங்குண்டு.

அடைபட்ட வாயில்

பதினெட்டாம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. முதலமைச்சராயிருந்த சேர் றொபேட் வால்ப்போல், தம் மைந்தர் பூங்காவின் காப்பதிகாரியாக நியமனம் பெற்றதைத் தொடர்ந்து, அதனைத் தம் ஓய்விடமும் வேட்டைக்களமுமாக ஆக்கிக்கொண்டார். மதிலிலிருந்த ஏணிகள் அகற்றப்பட்டன. வாயில்களிற் காவலர் நிறுத்தப்பட்டு, மதிப்புக்குரியோர் எனக் காவலர் கருதியோரே உட்புக விடப்பட்டனர். இவர் முதலமைச்சராயிருந்த காலத்தில், 1723இல், முகத்தைக் கருமையாக்கி மான் திருடுவோருக்கு மரண தண்டனை விதிக்கும் கொடிய சட்டமும் நிறைவேறியிருந்தது. மானுக்கிருந்த காவல் மனிதனுக்கு இல்லாதிருந்த காலம் அது எனின் மிகையாகாது.

1751இல் இரண்டாம் ஜோர்ஜ் மன்னனின் மகள் அமேலியா இளவரசி காப்பதிகாரி ஆயினாள். வாயில் முற்றாகவே அடைபட்டது. இளவரசியின் நண்பரும், அனுமதிச்சீட்டுப் பெற்ற வெகு சிலருமே உள்ளே செல்லலாம் என்ற விதி வந்தது. ஆண்டுக்கொருமுறை திருச்சபை ஊரெல்லையைச் சுற்றிவரும் வழக்கம் இங்கிலாந்தில் உண்டு. அவ்வாறு சென்ற றிச்மண்ட் மக்கள் மதிலின் உடைப்பொன்றினூடே பூங்காவினுட் புகுந்த செய்தியும் அக்கால வெளியீடுகளாற் பெறப்படும். சீமான்கள் சிலர் வண்டிப்பாதை உரிமை கோரித் தொடுத்த வழக்கோ 1754இல் தோல்வியுற்றது.

லூயிஸ் தொடுத்த வழக்கு

இந்நிலையில் முன்வந்தவர் ஜோன் லூயிஸ் என்பவர். அவர் பிரபுவல்லர், பாராளுமன்ற உறுப்பினருமல்லர். றிச்மண்டில் பியர் வடிக்கும் தொழில் நடத்திய சாதாரணக் குடிமகன். 1755இல் ஒருநாள், அனுமதிச்சீட்டுப் பெற்ற வண்டியொன்றுக்கு வாயில் திறக்கப்பட்டபோது, அதன் பின்னே தாமும் நடந்து செல்ல முயன்றார். காவற்பெண் கதவைச் சாத்தினாள். உரிமையுள்ள வழியிலே தம்மைத் தடுத்தமைக்காக லூயிஸ் வழக்குத் தொடுத்தார்.

முன்னைய வழக்கின் தோல்வியிலிருந்து லூயிஸ் ஒரு பாடம் கற்றிருந்தார். அவர் வண்டிப்பாதை கேட்டிலர். காலால் நடக்கும் பாதையொன்றே கேட்டார். சிறிதாகக் கேட்டமையால் உறுதியாகக் கேட்க முடிந்தது. மதில் எழுப்பப்பட்ட காலந்தொட்டே அப்பாதை மக்களுக்குத் திறந்திருந்தது என்பதற்குச் சான்றுகளும் இருந்தன.

1758இல் சறே மாவட்ட அசைஸ் நீதிமன்றத்தில், நீதியரசர் சேர் மைக்கல் பொஸ்ரர் முன்னிலையில் வழக்கு விளங்கப்பட்டது. எதிரே நிற்பது மன்னனின் மகள். அழைக்கப்பட்ட சிறப்பு ஜூரிமாரிற் பெரும்பாலோர் வாராதொழிந்தனர். நீதியரசர் வாராதோர் ஒவ்வொருவருக்கும் 20 பவுண் தண்டம் விதித்து, விசாரணையை நடத்தி முடித்தார். தீர்ப்பு லூயிஸுக்குச் சார்பாயிற்று.

வாயில் வேண்டுமா, மதிலில் ஏணி வேண்டுமா என லூயிஸிடம் கேட்கப்பட்டது. இங்கேதான் அவருடைய நுண்ணறிவு விளங்குகின்றது. கதவு என ஒன்று இருந்தால் அதனைத் திறப்பவர் ஒருவரும் பூட்டுபவர் ஒருவரும் இருப்பர். வேற்றாருக்குக் கதவென்றும் தமக்குத் தாழென்றும் ஆதல் கூடும். ஏணிக்குப் பூட்டில்லை. ஆகவே, லூயிஸ் ஏணியையே வேண்டினார். ஹாம் வாயிலிலும் ஈஸ்ட் ஷீன் வாயிலிலும் ஏணிகள் அமைந்தன.

ஆனால், அதிகாரம் எளிதிலே தோல்வியை ஒப்புவதன்று. ஏணியின் படிகள் ஒன்றுக்கொன்று வெகுதூரம் இடைவிட்டு அமைக்கப்பட்டன. குழந்தைகளும் மூதாட்டியரும் ஏற இயலவில்லை. லூயிஸ் மீண்டும் நீதியரசரிடம் முறையிட்டார். தாமும் அதனைக் கண்டதாகக் கூறிய முதியவராகிய பொஸ்ரர், குழந்தைகளும் மூதாட்டியரும் மட்டுமன்றி முதிய ஆடவரும் ஏறத்தக்கதாகப் படிகளை அமைப்பிக்குமாறு பணித்தார் என்பர். சட்டம் எழுத்தளவில் நிறைவேறினால் போதாது, அது எளியார் காலுக்கு எட்ட வேண்டும் என்னும் பேருண்மை அவ்வாணையில் அடங்கியுள்ளது.

1761இல் இளவரசி பதவியைத் துறந்தாள். லூயிஸோ பின்னாளில் வறுமையுற்றார். ஊரவர் பணம் திரட்டி அவருக்கு ஆண்டுதோறும் உதவித்தொகை கிடைக்கச் செய்தனர். 1792இல் அவர் இறந்தார். ஹம்டனின் பெயரை நம் பாடநூல்களிற் காண்கிறோம். லூயிஸின் பெயரைக் காண்பதில்லை. எனினும், பெரியதோர் உரிமையை முழு நாட்டுக்கும் கோரியவர் ஒருவர், சிறியதோர் உரிமையைத் தம் ஊருக்குக் கோரியவர் மற்றவர் என்பதன்றி இருவரும் செய்தது ஒரே இனத்துச் செயலேயாம்.

மதில் காத்த உயிர்கள்

இனி, இதன் மறுபக்கத்தையும் நோக்குதல் நடுநிலைமையாளர் கடன். மதில் மக்களை வெளியே நிறுத்தியது உண்மை. ஆனால், மதிலே மாநகரத்தையும் வெளியே நிறுத்தியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலண்டன் வீங்கிப் பெருகியபோது சுற்றிலுமிருந்த வயல்கள் வீடுகளாயின. மதிலினுள் இருந்த நிலமோ ஏறக்குறைய 1637இல் இருந்தவாறே கிடந்தது.

அங்கே ஆயிரத்துக்கு மேற்பட்ட முதுமரங்கள் உள. அவற்றுட் சில ஓக் மரங்கள் மதிலினும் மூத்தவை. சிலவிடங்களில் அவை நேர்வரிசையாக நிற்பதைக் காணலாம். அவ்வரிசைகள் அரசன் கைப்பற்றிய பழைய வயல்களின் வரம்புகளாம். வயலும் இல்லை, உழுதவனும் இல்லை. வரம்பிலே நின்ற மரம் மட்டும் எல்லை காட்டி நிற்கின்றது. ஏட்டில் எழுதாத உறுதிப்பத்திரமாக அம்மரங்களை வரலாற்று மாணவர் வாசித்தல் கூடும்.

இம்மரங்கள் நீடுவாழ்ந்தமைக்கு ஒரு காரணம் முன்னோர் கையாண்ட வெட்டுமுறை. மானின் வாய்க்கு எட்டாத உயரத்திலே தலைப்பாகத்தைத் தறித்துவிடுவர். அவ்விடத்திலிருந்து தளிர்க்கும் கிளைகளை ஆண்டுகள் சில கழித்து விறகுக்கும் பிற தேவைக்கும் வெட்டுவர். அடிமரம் குறுகிப் பருத்துக் காற்றுக்கு அசையாது நிற்கும். மரத்தை அழியாமலே மரத்தாற் பயன்கொள்ளும் இவ்வழி அறிவுடைமையன்றோ?

முதிர்ந்த மரம் உள்ளே பொந்துபட்டு உளுக்கும்போது பலவகை உயிர்களுக்கு இல்லமாகின்றது. மான்கொம்பு போன்ற தாடைகளையுடைய பெருவண்டு ஒன்று இப்பூங்காவிலே பேர்பெற்றது. அதன் புழு மண்ணுள் உக்கும் மரத்தைத் தின்று ஆண்டுகள் பல மறைந்து வாழும். வண்டாகி வெளிப்பட்டபின் அதன் வாழ்வு கோடையிற் சில வாரங்களே. விழுந்த மரத்தை அகற்றிப் 'சுத்தம்' செய்தால் இவ்வினமே அற்றுப்போம். ஆதலால் இன்று பட்ட மரமும் விழுந்த கிளையும் பெரும்பாலும் கிடந்தவாறே விடப்படுகின்றன. உழப்படாத புல்வெளியிலே மஞ்சள் எறும்புகள் எழுப்பிய மண்மேடுகள் எண்ணிறந்தன. அவ்வெறும்புகளைப் பச்சை மரங்கொத்தி உண்டு வாழ்கின்றது.

மான்களில் இரு வகை உண்டு. பேருருவினதாகிய செம்மான் ஒன்று. 'பலோ' என ஆங்கிலர் வழங்கும் சிறுமான் மற்றொன்று. செப்தெம்பர், ஒக்தோபர் மாதங்களில் ஆண்மான்கள் முழங்கிக் கொம்பு பொருதுவதைக் காணலாம். மான் மேய்வதாலேயே புல்வெளி காடாகாது நிற்கின்றது; மான் மேய்வதாலேயே இளங்கன்று வளராது போகின்றது. எனவே, புதிதாக நடும் மரத்துக்கு வேலி இடப்படுகின்றது. மான்தொகை அளவிறந்து பெருகின் மேய்ச்சல் போதாது. ஆகையால் ஆண்டுதோறும் ஒருபகுதி குறைக்கப்படுகின்றது. இயற்கை எனத் தோன்றும் இவ்விடத்தில் மனிதன் கை எத்துணை உண்டென்பது இதனால் விளங்கும்.

நம்மவர் கண்டு மகிழத்தக்க உயிரொன்றும் அங்கு உண்டு. கழுத்திலே செவ்வாரம் பூண்டதும், நம் தோட்டங்களிற் கூட்டமாகப் பறப்பதுமான பச்சைக்கிளியினம் 1970ஐ அடுத்த ஆண்டுகள் தொடக்கம் இலண்டனிற் குடியேறிப் பெருகியுள்ளது. கூண்டினின்று தப்பியும் விடுபட்டும் சென்ற பறவைகளின் வழித்தோன்றல்களாகிய அவை, றிச்மண்டின் முதுமரப் பொந்துகளிற் கூடுவைத்துக் குளிர்காலத்தையும் தாங்கி வாழ்கின்றன. அந்நாட்டுப் பறவைகளின் பொந்துகளை இவை முந்திக்கொள்ளுமோ என அஞ்சுவோரும் உளர்.

ஏணிவழி வந்த மக்கள்

லூயிஸ் வென்றது நடைபாதையை மாத்திரமே. ஆனால், திறந்த வழி சிறிதுசிறிதாக அகன்றது. 1851இல் அரச நிலங்கள் பற்றிய சட்டத்தால் பூங்காவின் பரிபாலனம் அரசாங்கத்திடம் வந்தது. ஏழாம் எட்வேட் மன்னன் காலத்தில், அதுவரை வேலியிடப்பட்டிருந்த சோலைகளும் மூடியிருந்த வாயில்களும் பெரும்பாலும் மக்களுக்குத் திறக்கப்பட்டன. 1953இல் இஸபெல்லா சோலை என்னும் மலர்வனம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. வேனிற்றொடக்கத்தில் அங்கு ஒளிவிடும் ரோடொடென்ட்ரன் மலர்கள், நம் ஹோட்டன் சமவெளியிலே செம்பூத் தாங்கி நிற்கும் மரத்தின் இனத்தவையே.

பூங்காவினுள் அமைந்த பெம்புறோக் இல்லத்தை விக்ரோறியா அரசி 1847இல் முதலமைச்சர் ஜோன் றசல் பிரபுவுக்கு வாழிடமாக அளித்தாள். அவருடைய பேரனே தத்துவப் பேரறிஞர் பேட்றன்ட் றசல். பெற்றோரை இழந்த அப்பாலகன் வளர்ந்தது அவ்வில்லத்திலும், அதனைச் சூழ்ந்த மரநிழலிலும்தான்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பூங்காவும் போர்க்கோலம் பூண்டது. படைமுகாம் அமைந்தது, புல்வெளியின் ஒரு பகுதி உணவுப்பயிருக்காக உழப்பட்டது. நிலவொளியில் மின்னிப் பகைவிமானங்களுக்கு வழிகாட்டாதிருக்கக் குளங்களின் நீரும் வடிக்கப்பட்டது. போர் முடிந்தபின், 1948இல் இலண்டனில் நிகழ்ந்த ஒலிம்பிக் விளையாட்டு விழாவின்போது, அம்முகாமிலே பல நாட்டு வீரர் தங்கினர். நம் நாட்டு டங்கன் வைற் 400 மீற்றர்த் தடையோட்டத்தில் வெள்ளிப்பதக்கம் பெற்றது அவ்விழாவிலேயாம்.

1961இல் பூங்காவின் நண்பர் கழகம் ஒன்று ஊரவரால் நிறுவப்பட்டது. மோட்டார் வண்டிப் பெருக்கத்திலிருந்து பூங்காவைக் காத்தல் அதன் தொடக்க நோக்கங்களுள் ஒன்று. 2000ஆம் ஆண்டிலே பூங்கா தேசிய இயற்கை ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்டது. இப்போது ஆண்டுதோறும் பல இலட்சம் மக்கள் அங்கு வருகின்றனர். நடப்போர், ஓடுவோர், சைக்கிள் மிதிப்போர், குதிரை ஊர்வோர், நாய்களோடு உலவுவோர் எனப் பலதிறத்தார்.

இப்பெருக்கமே இன்றைய இடர். வானம்பாடி நிலத்திலே கூடு கட்டும் பறவை. அவிழ்த்துவிட்ட நாயொன்று கூட்டைக் கலைத்துவிடப் போதும். 2011இல் நாயொன்று மான்கூட்டத்தைத் துரத்தியோடும் காட்சி படமெடுக்கப்பட்டு உலகெங்கும் நகைப்புக்கிடமாயிற்று. நகைத்தோர் பலர், ஓடிய மான்களின் அச்சத்தை நினைத்தோர் சிலரே. மான்கன்று ஈனும் பருவத்தில் நாயைக் கட்டிப் பிடிக்க வேண்டுமெனவும், மானுக்கு உணவளித்தல் ஆகாதெனவும் விதிகள் உள. அன்பினால் ஊட்டும் உணவும் காட்டுவிலங்குக்குக் கேடாதலை அறியாதார் பலர்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் இரண்டு உண்மைகள் போதரும். மதில் மட்டும் இருந்திருந்தால் றிச்மண்ட் பூங்கா ஒரு குடும்பத்தின் வேட்டைக்காடாகவே கிடந்து, மக்களின் அன்பைப் பெறாது, காலப்போக்கில் விலைபோயிருத்தல் கூடும். ஏணி மட்டும் இருந்து மதில் இல்லாதிருந்தால், இலண்டனைச் சூழ்ந்த பொதுநிலங்கள் பலவற்றைப் போல வீதியும் வீடும் அதனை விழுங்கியிருக்கும். அண்டையிலுள்ள விம்பிள்டன் பொதுவெளி தப்பியதும், அதன் பெரும்பகுதியை அடைக்க 1864இல் எழுந்த முயற்சியை மக்கள் எதிர்த்து நின்று, 1871இல் தனிச்சட்டம் ஒன்றைப் பெற்றமையாலேயே. காப்பும் உரிமையும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும்போதே பொதுச்செல்வம் நிலைக்கும்.

அன்று காப்பு அரசன் கையிலும் உரிமை மக்கள் வாயிலும் இருந்தன. ஆகவே வழக்கு வேண்டியிருந்தது. இன்று இரண்டும் மக்கள் கையிலேயே உள. உரிமை பெற்றவர் தாமே காவலராதல் வேண்டும். குழந்தையும் மூதாட்டியும் ஏறத்தக்க ஏணியை வேண்டிப் பெற்ற லூயிஸின் பின்தோன்றல்கள், ஏணியேறி உட்புகுந்தபின் வானம்பாடியின் கூட்டை மிதியாது நடக்கவும் கற்றாராயின், அவ்வெற்றி முழுமை பெறும். பொதுவிடம் எதுவாயினும் அதனைத் துய்க்கும் மாணவர் சிந்தித்தற்குரியது இது.